தொடர் அநுமானமும் எம்பெருமானார் காட்டிய நெறியும்

ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தில் தர்க்கத்திற்கு இடமில்லை என்றும், பக்தி ஒன்றே போதும் என்றும் எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதற்கு ஒரு சான்றே அமையும். நாலாயிர திவ்யப்ரபந்தத்தைத் தேடித் தொகுத்து உலகிற்கு அளித்த ஸ்ரீமந் நாதமுனிகளே ‘ந்யாயதத்த்வம்’ என்னும் நூலையும் இயற்றியருளினார். அந்நூல் முழுமையாகக் கிடைத்திலது. பின்வந்த ஆசார்யர்கள் தம் நூல்களில் எடுத்தாண்ட பகுதிகளாலேயே அறியப்படுகின்றது. ஆழ்வார்களின் ஈரச்சொற்களைக் காத்த அதே திருக்கரம் தர்க்கத்தின் உலர்ந்த ஏடுகளையும் எழுதிற்று என்பது சிந்திக்கத் தக்கது.

விசிஷ்டாத்வைத ஸித்தாந்தம் ப்ரத்யக்ஷம், அநுமானம், சப்தம் என மூன்று ப்ரமாணங்களைக் கொள்ளும். கண் முதலிய பொறிகளால் அறிவது ப்ரத்யக்ஷம். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது அநுமானம். வேதம் முதலிய சொல்லால் அறிவது சப்தம். இவற்றுள் அநுமானம் ஒன்றோடு நில்லாமல், ஒன்றன் முடிவே மற்றொன்றற்கு அடிப்படையாகி, சங்கிலிபோல நீண்டு செல்லும் வகையே ஈண்டு ஆராயப்படுகின்றது. அதனைத் தொடர் அநுமானம் எனலாம். அன்றாட வாழ்வில் மனிதர் எண்ணுவதில் பெரும்பகுதி இவ்வகையினதே. பிழை புகுவதும் பெரும்பாலும் இதன்வழியேதான்.

மலையும் புகையும்

தர்க்க நூலோர் அநுமானத்திற்குக் காட்டும் பழைய உதாரணம் ஒரு மலையைப் பற்றியதாகும். தேவனூர் நாடு முதலாகப் பதினான்கு நாடுகளைத் தன்பால் கொண்ட கொல்லிமலைக்கு வந்துள்ள அன்பர்களுக்கு அது கண்முன் நிற்கும் உதாரணம். கோடைக்காலத்தில் அடிவாரத்தில் நிற்பவன் மலைச்சரிவில் புகையைக் காண்கிறான், நெருப்பைக் காண்கிலன். ஆயினும் நெருப்பு உண்டென்று துணிகிறான். அத்துணிவைப் பிறர்க்கு உணர்த்துங்கால் அது ஐந்து உறுப்புகளாக விரியும்.

‘இம்மலை நெருப்புடையது’ என்பது ப்ரதிஜ்ஞை. ‘புகையுடைமையால்’ என்பது ஏது. ‘எங்கெங்குப் புகையுண்டோ அங்கங்கு நெருப்புண்டு, அடுக்களையிற் போல’ என்பது உதாரணம். ‘இம்மலையும் அவ்வாறு புகையுடையது’ என்பது உபநயம். ‘ஆதலால் இம்மலை நெருப்புடையது’ என்பது நிகமனம். இவ்வைந்தனுள் உயிர்நாடியாய் நிற்பது உதாரணத்தில் அடங்கிய பொது நியதி. புகை நெருப்பைப் பிரிந்து ஓரிடத்தும் இராது என்னும் அந்நியதியே வ்யாப்தி எனப்படும். வ்யாப்தி பழுதுபடின் ஏனைய நான்கும் பயனில.

உறுப்புகள் ஐந்தும் எப்போதும் வேண்டும் என்பது எல்லார்க்கும் உடன்பாடன்று. தமிழில் அளவை நூலைப் பேசும் மிகப் பழைய காப்பியமான மணிமேகலை, பௌத்தக் கொள்கைவழி நின்று, உபநயமும் நிகமனமும் திட்டாந்தத்துள் அடங்கும் என்று கூறிப் பக்கம், ஏது, திட்டாந்தம் என மூன்றே போதும் எனக் கொள்ளும். ஸ்ரீநிவாஸதாஸர் அருளிய ‘யதீந்த்ரமத தீபிகை’யோ, கேட்போரின் அறிவுக்கேற்பச் சிலபோது ஐந்தும், சிலபோது மூன்றும், சிலபோது இரண்டும் அமையும் என்று உரைக்கும். கேட்பவனை நோக்கி அளவு வகுத்த இக்கருத்து நம் ஆசார்யர்களின் பரிவைக் காட்டுவதாம்.

மணிமேகலை அறவண அடிகளிடம் அளவை நெறி கேட்டது காஞ்சி மாநகரில். அக்காப்பியம் பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 எனப் பொய்யான வாதங்களை 33 வகையாகப் பகுத்துக் காட்டுகின்றது. பின்னர் 1268-ஆம் ஆண்டில் ஸ்வாமி வேதாந்த தேசிகன் அவதரித்த தூப்புலும் அக்காஞ்சியைச் சார்ந்ததே. கொல்லிமலை மக்களின் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தனர் என்பது இம்மலையில் வழிவழியாக வழங்கும் செய்தி. தர்க்கத்தின் பிறந்தகங்களுள் ஒன்றான அந்நகரின் நினைவு இம்மலைக்கும் புதிதன்று.

ஓரியின் அம்பு

இனித் தொடர் அநுமானத்தின் இயல்பைக் காண்போர்க்குக் கொல்லிமலையே ஓர் உவமை தருகின்றது. இம்மலையை ஆண்ட வல்வில் ஓரி எய்த அம்பு ஒன்று, யானையை வீழ்த்தி, புலியை ஊடுருவி, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்தது என்று புறநானூற்றின் 152-ஆம் பாடலில் வன்பரணர் வியந்துரைக்கின்றார். அம்பு ஒன்று, இலக்கு ஐந்து. முதலில் அம்பு பெற்ற விசைதான் இறுதிவரை செல்கின்றது. இடையில் புதிய விசை எதுவும் சேர்வதில்லை. தொடர் அநுமானமும் அத்தகையதே. முதற்கூற்றில் இல்லாத உறுதி முடிவில் தோன்றிவிடாது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ‘மேல்நாடுகளில் பெருமழை பொழிகின்றது, பெருமழை பொழிந்தால் ஐயாறு பெருகும், ஐயாறு பெருகினால் ஆகாய கங்கை அருவி பெருகும், அருவி பெருகினால் அதன்கீழ் நீராடுதல் ஆபத்தாம், ஆதலால் இன்று அருவியில் நீராடுதல் ஆபத்தாம்.’ இதில் முடிவு ஒன்றே கூறப்பட்டது. ஆயினும் உள்ளே இரண்டு முடிவுகள் மறைந்து நிற்கின்றன. ஐயாறு பெருகியிருக்கும் என்பது முதலாவது. அருவி பெருகியிருக்கும் என்பது இரண்டாவது. முன்னதன் முடிவு பின்னதற்கு ஏதுவாகிறது. சொல்லாமல் விட்ட இவ்விடை முடிவுகளை வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்திப் பார்ப்பதே தொடர் அநுமானத்தை ஆராயும் முறை.

மேனாட்டுத் தர்க்கம் கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டிலிடமிருந்து (கி.மு. 384–322) முறைப்பட வளர்ந்தது. அம்மரபினர் இவ்வகை வாதத்திற்குக் ‘குவியல்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பெயரிட்டனர். கூற்றின்மேல் கூற்றாகக் குவிந்து நிற்றலே காரணம். அவர்கள் இதற்கு இரு விதிகள் வகுத்தனர். ‘இது அது, அது உது’ என்று முன்னோக்கிச் செல்லும் தொடரில், ‘சில’ என்னும் சொல் வருமாயின் முதற்கூற்றில் மட்டுமே வரலாம். ‘அன்று’ என்னும் மறுப்பு வருமாயின் இறுதிக் கூற்றில் மட்டுமே வரலாம்.

இவ்விதிகளின் காரணம் எளிது. ‘மிளகு கொடியில் காய்ப்பது, கொடிகளுள் சில நஞ்சுடையன, ஆதலால் மிளகு நஞ்சுடையது’ என்றால் எவரும் நகைப்பர். ‘சில’ என்பது நடுவில் புகுந்தமையால், மிளகு சேர்ந்த கொடிகள் வேறு, நஞ்சுடைய கொடிகள் வேறு என்றாயிற்று. பாலத்தின் இரு பாதிகளும் ஆற்றின் நடுவே கூடவில்லை. அவ்வாறே, ‘மிளகு கொடி, கொடி மரம் அன்று, மரமெல்லாம் வேருடையது, ஆதலால் மிளகுக்கு வேரில்லை’ என்பதும் பிழை. இதில் தனித்தனியே கூற்றுகள் யாவும் மெய்யே. மறுப்பு நடுவில் நின்றமையால் முடிவு பொய்யாயிற்று. மெய்யான கூற்றுகளை அடுக்கினால் மட்டும் மெய்யான முடிவு கிடைத்துவிடாது. அடுக்கும் முறையும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

கண்ணி தளரும் இடங்கள்

சங்கிலியின் வலிமை அதன் தளர்ந்த கண்ணியின் வலிமையே. கண்ணி தளர்வது எவ்வாறு என்பதை ந்யாய சாஸ்திரம் நுட்பமாகக் காட்டும்.

முதலாவது உபாதி. புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது மெய். அதனைத் திருப்பி, நெருப்புள்ள இடத்தில் புகையுண்டு என்றால் மெய்யாகாது. உலைக்களத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்புண்டு, புகையில்லை. ஈரவிறகு சேர்ந்தபோதே நெருப்பினின்று புகை எழும். ‘ஈரவிறகு’ என்னும் இச்சொல்லாத நிபந்தனையே உபாதி. அருவியைப் பற்றிய தொடரிலும் உபாதி உண்டு. நெடுநாள் வறண்ட நிலத்தில் முதல் மழை விழுந்தால் மண்ணே அதனைக் குடித்துவிடும். ஐயாறு உடனே பெருகாது. ‘நிலம் முன்னரே நனைந்திருப்பின்’ என்பது அங்கே மறைந்துநின்ற நிபந்தனை.

உபாதியுள்ள கண்ணிகள் பல சேர்ந்தால் நேர்வதைக் கணக்கால் அறியலாம். ஒவ்வொரு கண்ணியும் பத்தில் ஒன்பது முறை மெய்யாவது என்று கொள்க. அது நல்ல கண்ணியே. அத்தகைய கண்ணிகள் ஒன்றையொன்று சாராமல் ஐந்து தொடரின், நூற்றுக்கு 90, 81, 73, 66 என்று படிப்படியாகக் குறைந்து முடிவின் உறுதி ஏறத்தாழ 59 ஆகிவிடும். ஏழு கண்ணிகளாயின் பாதிக்கும் கீழே இறங்கும். ஒவ்வோர் அடியிலும் ஐயமின்றி நடந்ததாகத் தோன்றும். சென்று சேர்ந்த இடமோ ஐயத்திற்குரியதாகும். திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் வாய்ச்சொல் ஐந்தாறு செவிகளைக் கடந்தபின் எவ்வாறு மாறிவிடுகிறது என்பதை அறிந்தோர்க்கு இக்கணக்குப் புதிதன்று.

இரண்டாவது, தொடரின் அமைப்பிலேயே நேரும் குற்றங்கள். இவை நான்கு. ‘இத்தேன் தூயது, கலப்பில்லாமையால்’ என்பது தன்னையே தனக்குச் சான்றாக்குதல், அது ஆத்மாச்ரயம். தேன் விற்பவர் இருவர் ஒருவரையொருவர் நம்பத்தக்கவர் என்று சொல்லி, வேறு சான்று காட்டாராயின் அது அந்யோந்யாச்ரயம். மூவர் வட்டமாக நின்று இவ்வாறு சான்று கூறின் அது சக்ரகம். ஒருவர்க்கு மற்றொருவர், அவர்க்கு வேறொருவர் என்று முடிவின்றிச் செல்லின் அது அநவஸ்தை. முதல் மூன்றும் வட்டமாகச் சுழல்வன; நான்காவது முடிவின்றி நீள்வது. நான்கிலும் சங்கிலி எங்கும் கட்டப்படாமல் அந்தரத்தில் தொங்குகின்றது.

காரணத் தொடரும் ஏதுத் தொடரும்

இங்கே ஒரு வேறுபாடு அறியற்பாலது. உலகில் ஒன்றிலிருந்து மற்றொன்று விளைவது காரணத் தொடர். ஒன்றைக்கொண்டு மற்றொன்றை அறிவது ஏதுத் தொடர். இரண்டும் சங்கிலியே, ஆயினும் இயல்பு வேறு.

காரணத் தொடருக்குச் சிறந்த சான்று ஸ்ரீகீதையின் இரண்டாம் அத்யாயத்தில் உள்ளது. விஷயங்களை எண்ணி எண்ணி இருப்பவனுக்கு அவற்றில் பற்று உண்டாகும், பற்றினால் ஆசை, ஆசை தடைப்பட்டால் சினம், சினத்தால் மயக்கம், மயக்கத்தால் நினைவுக் கேடு, நினைவுக் கேட்டால் அறிவின் அழிவு, அதனால் அவனே அழிகிறான் என்று பகவான் அர்ஜுநனுக்கு அருளுகின்றான். இத்தொடரைக் கேட்டு அஞ்சவேண்டுவதில்லை, மகிழவேண்டும். ஏனெனில் இதன் எக்கண்ணியை அறுத்தாலும் அழிவு நின்றுவிடும். முதற்கண்ணியான எண்ணத்திலேயே அறுப்பது எளிது. சினம் பிறந்தபின் அறுப்பது அரிது. நோய் செல்லும் வழியைக் காட்டுதல், மருந்திடும் இடங்களைக் காட்டுதலாகும்.

கீதையின் மூன்றாம் அத்யாயத்தில் மற்றொரு தொடர் வருகின்றது. உயிர்கள் உணவால் உண்டாகின்றன, உணவு மழையால், மழை யஜ்ஞத்தால், யஜ்ஞம் கர்மத்தால் என்று சென்று, அது ஒரு சக்கரமாகச் சுழல்வதாகக் காட்டப்படுகிறது. வட்டமாகச் செல்வது குற்றம் என்று மேலே கூறப்பட்டதே எனின், அக்குற்றம் ஏதுத் தொடருக்கே உரியது. மழைநீர் ஆறாகி, கடலாகி, முகிலாகி மீண்டும் மழையாவது இயற்கை. விதையிலிருந்து முளையும் முளையிலிருந்து விதையும் ஆதியின்றி வருவதும் அவ்வாறே. அதனைக் குற்றமற்ற அநவஸ்தை என்பர். உலகம் சுழலலாம், வாதம் சுழலலாகாது.

வரப்பு உயர நீர் உயரும் என்று தொடங்கி, நீரால் நெல்லும், நெல்லால் குடியும், குடியால் அரசும் உயரும் என்று முடியும் ஔவையாரின் வாழ்த்து தமிழர் அறிந்தது. அதுவும் காரணத் தொடரே. அங்கும் மழை பெய்யவேண்டும், உழவன் பாடுபடவேண்டும் என்னும் உபாதிகள் மறைந்து நிற்கின்றன. அவற்றையும் சேர்த்தே அவ்வாழ்த்துப் பொருளுடையதாகிறது.

எம்பெருமானார் அறுத்த சங்கிலி

இதுகாறும் கூறியவை யாவும் ஓர் இடத்தில் ஒன்றுகூடுகின்றன. அது பகவத் ராமாநுஜர் (1017–1137) அருளிய ஸ்ரீபாஷ்யத்தில், ப்ரஹ்ம ஸூத்ரத்தின் முதல் அத்யாயம் முதல் பாதத்து மூன்றாம் ஸூத்ரத்திற்கு அமைந்த விளக்கமாகும். பரம்பொருளை அறிதற்கு சாஸ்திரமே ப்ரமாணம் என்பது அவ்வதிகரணத்தின் பொருள்.

நையாயிகர்கள் ஈச்வரனை அநுமானத்தாலேயே நிலைநாட்டலாம் என்றனர். பத்தாம் நூற்றாண்டினரான உதயநாசார்யர் இதற்கென்றே ‘ந்யாயகுஸுமாஞ்ஜலி’ என்னும் நூல் செய்தார். அன்னோர் வாதம் சுருக்கமாக வருமாறு: உலகம் உறுப்புகளால் ஆகியது, உறுப்புகளால் ஆகியது யாவும் குடம்போலச் செய்யப்பட்ட கார்யம், கார்யம் யாவற்றிற்கும் குயவன்போல ஒரு கர்த்தா உண்டு, உலகத்தைச் செய்தவன் அதன் மூலப்பொருள், கருவி, பயன் யாவற்றையும் அறிந்தவனாக வேண்டும், ஆதலால் எல்லாம் அறிந்த, எல்லாம் வல்ல ஈச்வரன் ஒருவன் உளன்.

இவ்வாதத்தைக் கேட்ட அடியார் எவர்க்கும் மகிழ்ச்சியே உண்டாகும். முடிவு ஸ்ரீவைஷ்ணவர்க்கு உடன்பாடானதே. ஸர்வேச்வரன் உளன், அவன் ஒருவனே, அவன் ஸர்வஜ்ஞன். அத்தகைய முடிவைத் தரும் சங்கிலியை யார்தான் சோதிக்க முற்படுவர்? எம்பெருமானார் சோதித்தார்.

உலகப் பொருள்கள் யாவும் கார்யங்கள் என்றே வைத்துக்கொள்ளினும், நிலம், மலை, கடல் முதலிய யாவும் ஒரே காலத்தில் ஒரே கர்த்தாவால் செய்யப்பட்டன என்பதற்குச் சான்று யாது? கார்யங்கள் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கர்த்தாக்களால் செய்யப்படுதலையே உலகில் காண்கிறோம் என்பது அவர் எழுப்பிய தடை. ஒரு பெருங்கோயிலை நினைத்தால் இது விளங்கும். கருவறை ஒரு காலத்தது. மண்டபம் ஒரு காலத்தது. கோபுரம் பிறிதொரு காலத்தது. கோயில் செய்யப்பட்டது என்பதினின்று, அதனைச் செய்தவர் உளர் என்பது பெறப்படும். ஒருவரே செய்தார் என்பது பெறப்படாது. ‘கர்த்தா உண்டு’ என்பதற்கும் ‘கர்த்தா ஒருவன்’ என்பதற்கும் இடையே ஒரு கண்ணி இல்லை.

மேலும் குயவனை உதாரணமாகக் கொண்டால், குயவனிடம் காணும் உடலும் உடன் வரும். உடலின்றிச் செயல் செய்பவரை உலகில் எங்கும் கண்டதில்லை. ஈச்வரனும் உடலோடுதான் படைத்தான் எனின், அவ்வுடல் நித்யமா, அநித்யமா? நித்யம் எனின், உறுப்புகளால் ஆகியதும் நித்யமாக இருக்கலாம் என்று ஒப்பியதாகும். அவ்வாறாயின் உலகமும் நித்யமாகலாம். அதற்குக் கர்த்தாவே வேண்டா. அநித்யம் எனின், அவ்வுடலைச் செய்தவர் யார்? உடலில்லாத நிலையில் அவனே செய்தான் என்றால், உடலின்றிச் செயலில்லை என்னும் நியதி முறியும். வேறோர் உடல்கொண்டு செய்தான் என்றால், அவ்வுடலுக்கு வேறோர் உடல், அதற்கும் வேறோர் உடல் என்று அநவஸ்தை நேரும். எவ்வழி திரும்பினும் கண்ணி அறுகின்றது.

இவ்விடத்தில் எம்பெருமானார் மறுத்தது ஈச்வரனை அன்று. ஈச்வரனைத் தாங்குவதாகக் கூறிய சங்கிலியை மட்டுமே. ஒரு வாதம் பிழைபட்டால் அதன் முடிவு நிறுவப்படவில்லை என்பதே பொருள். முடிவு பொய் என்பது பொருளன்று. அவ்வாறே, முடிவு மெய் என்பதனால் வாதம் செம்மையாகிவிடாது. இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிதல் தர்க்கம் கற்றவனுக்கு முதல் இலக்கணம். மாற்றார் வாதத்தில் இதனைக் காண்பது எளிது. தனக்கு இனிய முடிவைத் தரும் வாதத்தில் காண்பதே அரிது.

அச்சங்கிலியை அறுத்தற்கு ஆழ்ந்த காரணம் ஒன்றும் உண்டு. வேறொரு ப்ரமாணத்தால் அறியப்படாததை அறிவிக்கும்போதே சாஸ்திரம் பயனுடையது. அநுமானத்தாலேயே பரம்பொருள் ஸித்திக்குமாயின், அதனை அறிவித்தற்கு வேதாந்தம் வேண்டுவதில்லை என்றாகும். அன்றியும் அநுமானத்தின்மேல் நிற்கும் நம்பிக்கை, அதனினும் கூரிய அநுமானம் ஒன்று வருங்கால் சரியும்.

சாஸ்திரத்தால் ஈச்வரனும், ஈச்வரனால் சாஸ்திரமும் என்று இதுவும் அந்யோந்யாச்ரயம் ஆகாதோ எனின், ஆகாது. வேதம் ஈச்வரன் இயற்றியமையால் ப்ரமாணம் என்பது நையாயிகர் கொள்கை. அவ்வட்டத்தினின்று தப்புதற்கே அவர்களுக்கு ஈச்வரனைத் தனியே நிறுவும் அநுமானம் இன்றியமையாததாயிற்று. வேதாந்திகளோ வேதத்தை அபௌருஷேயம், அதாவது எவராலும் இயற்றப்படாதது, என்று கொள்பவர். ஆதலின் அவர்க்கு அவ்வட்டம் நேர்வதில்லை.

சங்கிலியும் தேர் வடமும்

அநுமானச் சங்கிலியை விலக்கிய பின்னர் எம்பெருமானார் வெறுங்கையராய் நிற்கவில்லை. அடுத்த நான்காம் ஸூத்ரம் ‘ஸமந்வயம்’ என்னும் ஏதுவைக் கூறுகின்றது. வேதாந்த வாக்யங்கள் பலவும் பரம்பொருளையே பரம புருஷார்த்தமாகக் காட்டி ஒருங்கு பொருந்துதலே அந்த ஸமந்வயம்.

இவ்விரு முறைகளின் வேறுபாட்டைத் தேர்த்திருவிழா கண்டோர் எளிதில் அறிவர். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் முழுதும் அறும். வடத்திலோ ஆயிரம் நார்கள் அடுத்தடுத்துக் கிடந்து முறுக்குண்டிருக்கின்றன. ஒரு நார் அறுந்தாலும் வடம் அறாது. தனித்தனியே மெல்லிய நார்கள் கூடிப் பெருந்தேரை இழுக்கின்றன. அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் பியர்ஸ் என்பவரும் 1868-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், தத்துவ ஆராய்ச்சி சங்கிலியைப் போலன்றிப் பல இழைகள் கூடிய வடத்தைப் போல அமையவேண்டும் என்று கூறினார். காலத்தாலும் நாட்டாலும் வேறுபட்ட சிந்தனையாளரிடத்தும் இதனையொத்த எண்ணம் தோன்றியமை குறிக்கத்தக்கது.

சங்கிலியே வேண்டாவென்பது இதன் கருத்தன்று. கணிதத்தில் சங்கிலிதான் வழி. கொல்லிமலையை நோக்கி நிற்கும் நாமக்கல்லில் எழுந்தருளியுள்ள நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் (1887–1920), 1913 ஜனவரி 16-ஆம் நாளிட்டுக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு வரைந்த கடிதத்தில், நிரூபணமின்றி ஏறத்தாழ 120 முடிபுகளைத் தந்திருந்தார். ஹார்டி அவற்றின் அருமையை உணர்ந்தார்; நிரூபணமும் வேண்டுமென்றார். ராமாநுஜனின் முடிபுகளுள் மிகப்பல மெய்யென்று பின்னர் நிறுவப்பட்டன. பகா எண்களின் பரவலைப் பற்றிய சில மட்டும் பிழையென்று தெரிந்தன. தாயாரின் அருளே தமக்கு அவற்றைக் காட்டிற்று என்று அவர் நம்பினார். காட்சி எங்கிருந்து வந்ததாயினும், எது மெய், எது பிழை என்று பிரித்துக் காட்டியது கண்ணி கண்ணியாகச் செய்த சோதனையே. அச்சோதனையால் அவர் புகழ் குறையவில்லை, நிலைபெற்றது.

ஸ்வாமி தேசிகன் தம் தர்க்க நூலுக்கு ‘ந்யாயபரிசுத்தி’ என்று பெயரிட்டருளினார். ந்யாயத்தை நீக்குதல் அன்று, ந்யாயத்தைத் தூய்மை செய்தல் என்பது அப்பெயரின் பொருள். தர்க்கத்தைப் பற்றிய ஸம்ப்ரதாயத்தின் மனநிலை அவ்வொரு சொல்லில் அடங்கும்.

யாத்ரிகர்க்கு ஐந்து வினாக்கள்

நீண்ட வாதம் ஒன்றைக் கேட்கும்போது அன்பர்கள் பின்வரும் ஐந்து வினாக்களை எழுப்பிப் பார்த்தல் நலம்.

ஒன்று: சொல்லாமல் விட்ட இடை முடிவுகள் எவை? அவற்றை வெளியே எடுத்து வரிசைப்படுத்துக.

இரண்டு: ஒவ்வொரு கண்ணியிலும் ‘எல்லாம்’ என்பது மெய்யா, ‘பெரும்பாலும்’ என்பதே மெய்யா? மறைந்துநிற்கும் உபாதி யாது?

மூன்று: தொடர் எங்கேனும் வட்டமாகத் திரும்புகின்றதா? முடிவின்றி நீள்கின்றதா?

நான்கு: இது காரணத் தொடரா, ஏதுத் தொடரா? காரணத் தொடராயின் எக்கண்ணியில் அறுக்கலாம்? ஏதுத் தொடராயின் எக்கண்ணி தளர்ந்தது?

ஐந்து: முடிவு எனக்கு இனியது என்பதற்காகவே இவ்வாதத்தை ஏற்கிறேனா?

இவற்றுள் ஐந்தாவதே கடினமானது. காரவள்ளியிலிருந்து மலையேறும் பாதையில் கொண்டையூசி வளைவுகள் 70. அறுபத்தொன்பது வளைவுகளைக் கவனமாகக் கடந்து, மேலே வந்துவிட்டோம் என்னும் மகிழ்ச்சியில் ஒரு வளைவில் அயர்ந்தாலும் ஊர் சேர்தல் அரிது. தனக்கு வேண்டிய முடிவு கண்ணெதிரே தெரியும் இடத்திலேயே அறிவு அயர்கிறது. அவ்விடத்தில் அயராமல் நின்று காட்டியவர் எம்பெருமானார். தம் தெய்வத்திற்குச் சாதகமாக வந்த வாதத்தையும் பிழையெனக் கண்டபோது பிழை என்றே உரைத்த அந்நேர்மை, அவர் அருளிய ஸித்தாந்தத்தைப் போலவே அடியார்கள் போற்றிக் கைக்கொள்ளத் தக்கது.